தண்ணி லாரியும் டென்த் சயின்ஸும்

இல்ல, தெரியாமத்தான் சார் கேக்கறேன்... படம் போட்டுப் படிச்சா மறக்கவே மறக்காதுன்னு எவன் சார் சொன்னது? மொபைல்ல ஒருத்தன் வந்து கைய ஆட்டி ஆட்டி சொல்றான், நானும் நம்பித் தொலைச்சேன். நான் எதிர் ஃபிளாட் சார், ஸ்ரீவத்சன். நீங்க குடி வந்த அன்னிக்கே பேசணும்னு பாத்தேன், எங்க! வீட்ல டென்த் இருக்கே. எம்பொண்ணு மிருதுளா. நாளைக்கு சயின்ஸ் பரீட்சை சார், நாளைக்கு!

சைலம்னு ஒண்ணு இருக்கு சார். செடிக்குள்ள தண்ணிய மேல ஏத்தற குழாய். எனக்கே இப்பத்தான் தெரியும்! சிட்லபாக்கத்துல தண்ணின்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? லாரிதானே? ஜம்முனு ஒரு லாரி வரைஞ்சேன், நம்பர் பிளேட்டோட. ஃபுளோயம் சாப்பாடு கொண்டு போவுதாம். சரின்னு பைக்ல டெலிவரி ஆளு. ஹெல்மெட்கூட மாட்டிவிட்டேன் சார்! நேத்து கேக்கறேன், "சைலம்னா என்னம்மா?" "புக் பண்ணா ரெண்டு நாள்ல வரும்ப்பா"ங்கறா! லாரி நம்பர மட்டும் கடகடன்னு ஒப்பிக்கறா.

சந்திரிகா, என் மிஸஸ், தலையில அடிச்சுக்கறா. "நல்லா படிச்சிட்டிருந்தவள கெடுத்தீங்களே"ன்னு. என்ன சொன்னீங்க... புக்கப் பாத்து மறுபடி படிக்கட்டும்ங்கறீங்களா? அது வந்து... படத்த எங்க ஒட்டினேன்னு நெனைக்கறீங்க? பாடம் எங்க இருக்கோ அங்கதானே ஒட்டணும்? அதான்... பாடத்து மேலயே ஒட்டிட்டேன். ஆமா சார், எல்லாப் பக்கமும்.

இட்லிப் பானையில வெச்சு ஆவி காட்டினா உரிஞ்சு வரும்னு பாத்தேன். வந்துச்சே! எழுத்தும் சேந்து லாரியோட வந்துடுச்சு. நெட்லயா? மொபைல சந்திரிகா பீரோல வெச்சுப் பூட்டிட்டா சார். இனிமே நான் அந்த வீடியோக்காரன் மூஞ்சியில முழிக்கக்கூடாதாம்.

உங்க பொண்ணு சின்மயி போன வருஷம்தானே டென்த் முடிச்சா? மிருதுளா சொன்னா. அந்த சயின்ஸ் புக்கு... இருக்கா! தெய்வம் சார் நீங்க! படமா? ஐயோ, ஒரு கோடு இழுக்க மாட்டேன் சார். பாக்கெட்லயா? இது ஸ்கெட்ச் பேனா, சும்மா பழக்க தோஷம்... என்னது? என் கையில குடுக்க மாட்டீங்களா? சார்... சார், கதவ ஏன் சாத்தறீங்க?

மிருதுளா! அம்மா மிருதுளா! எதிர் வீட்டு அங்கிள் புக்கு தராராம். வந்து வாங்கிக்கோ... நீ மட்டும் வரணுமாம்!