இரண்டாம் தாள்

எனக்குப் போன் பேச வராது. யாராவது அழைத்தால், அது தானாக நிற்கும்வரை மேலே தலையணையை வைத்துவிடுவேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டதும் இப்படித்தான். "உள்ளேன் ஐயா" சொல்ல வாய் வராமல், முதல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே பாதி வருடம் ஆப்சென்ட் ஆனேன். ஆகவே, ஸ்கேன் சென்டர் நான்கு முறை அழைத்தும் நான் எடுக்காததை யாரும் குற்றமாக நினைக்க வேண்டாம்.

என் அண்ணி மதுவந்தி கணக்கு டீச்சர். வகுப்பில் போன் எடுக்கக் கூடாது என்பதால், பகலில் வீட்டில் இருக்கும் என் நம்பரை ஸ்கேன் சென்டரில் கொடுத்திருந்தார். அப்போது அவருக்கு இருபதாவது வாரம். ரிப்போர்ட்டை வாங்கிவரக் கும்பகோணத்துக்கு என்னை அனுப்பினார்கள். டவுன் பஸ்ஸிலேயே கவரைப் பிரித்தேன். இரண்டு தாள். முதல் தாளில் தலை, இதயம், வயிறு எல்லாம் சரி. இரண்டாம் தாளில், குழந்தையின் முதுகெலும்பு மூடவில்லை, உடனே டாக்டரைப் பார்க்கவும் என்று இருந்தது.

வீட்டில் எல்லோரும் கூடத்தில் காத்திருந்தார்கள்.

"என்னடி போட்டிருக்கு?" என்றாள் அம்மா.

"எல்லாம் நல்லா இருக்காம்."

நாலு பேர் முன்னால் நான் ஒரு வாக்கியம் முழுதாகப் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. அண்ணன் விஸ்வா டிவியை அணைத்தான்.

"யம்மா, மங்களா பேசுறா!"

"புள்ள வர்ற நேரம்டா. என் ஊமைச்சி வாயத் தொறந்துட்டா."

அம்மா எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். கவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. முதல் தாளை மட்டும் ஃபைலில் வைத்தேன். மாதாமாதம் செக்கப் செய்யும் நர்ஸம்மா அதைப் பார்த்து அண்ணியின் கர்ப்ப அட்டையில் 'நார்மல்' என்று எழுதினார். நான் எழுதச் சொல்லவில்லை.

இரண்டாம் தாள் இந்த நோட்டில் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் கருக்கலைப்புச் சட்டத்தை எழுதிவைத்தேன். இதுபோன்ற குறைக்கு இருபத்து நான்கு வாரம்வரை இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொண்டால் போதும். வேண்டுமா வேண்டாமா என்று அண்ணி சொல்லலாம். அதன்பின் மெடிக்கல் போர்டுதான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் காலண்டர் தேதி கிழிப்பது என் வேலை. நான் எதையும் முடிவு செய்யவில்லை. தேதி கிழித்தேன், அவ்வளவுதான்.

ஆறாம் மாதம் அண்ணிக்கு என்னவோ தோன்றியது.

"இன்னொரு ஸ்கேன் பாத்துடலாமா அத்தை?"

"ஏழாம் மாசம் வளைகாப்பு முடியட்டுமே," என்றாள் அம்மா.

"ஆமாண்ணி, வளைகாப்பு முடியட்டும்," என்றேன்.

"அவளே வாயத் தொறந்து சொல்லிட்டா. இனிமே அப்பீலே கெடையாது," என்று அண்ணன் சிரித்தான்.

வளைகாப்பில் ஏழு வகைச் சாதம். வளையல் தட்டைப் பிடிக்கும் மரியாதை எனக்குக் கிடைத்தது. புளிச்சோறு மூன்று முறை வாங்கினேன்.

மறுவாரம் ஸ்கேனில் தெரிந்துவிட்டது. இருபத்தொன்பதாவது வாரம். தஞ்சாவூரில் போர்டு கூடியது. ஃபைல் என் மடியில் இருந்தது. பிறந்ததும் ஆபரேஷன் செய்யலாம், குழந்தை பிழைக்கும், நடப்பது சந்தேகம், கலைக்க அனுமதி இல்லை என்றார்கள்.

"இருபது வாரத்துலயே வந்திருந்தா முடிவு உங்க கையில இருந்திருக்கும்மா," என்றார் ஒரு டாக்டரம்மா.

அண்ணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கையில் இருந்த வளையல்களை எண்ணினார். கணக்கு டீச்சர்தான், மூன்று தடவையும் வேறு வேறு எண் வந்தது.

"வேணும்னு சொல்லியிருப்பேனா, வேணாம்னு சொல்லியிருப்பேனா, அதுகூட எனக்குத் தெரியல மங்களா," என்றார்.

எனக்கு மறுபடி பேச்சு வரவில்லை.

ஆம், மறைத்தது நான்தான். அண்ணிக்காகத்தான் செய்தேன், அப்படியொரு முடிவை எடுக்கும் பாரம் அவருக்கு எதற்கு? எனக்கென்று எந்த ஆசையும் இல்லை. காலை எட்டரைக்கு எல்லோரும் கிளம்பிப் போய்விடும் வீடு இது. இந்தக் குழந்தை எங்கேயும் போகாது. பாவம், அதற்குத் துணைக்கு ஓர் ஆள் வேண்டுமே என்றுதான், ரிப்போர்ட் வாங்கிவந்த அன்று மாலையே என் அறை உத்தரத்தில் தூளிக்குக் கொக்கி மாட்டினேன்.