ஒரு சென்டிமீட்டர் ஓரம்

குண்டூசி குத்திக்கொண்டு தைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும், ஐயா. வீட்டில் தைக்கிற பெண்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. குத்துவார்கள், கச்சாத் தையல் போடுவார்கள், பிரிப்பார்கள், மறுபடி தைப்பார்கள். தொழிற்சாலையில் அப்படித் தைத்தால் மதியத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

டான்யூப் நதிக்கரையில் நான் வேலை பார்த்த தையல் தொழிற்சாலையை மூடிய பிறகு எங்கள் தெருப் பெண்களுக்கு நான் வீட்டிலேயே கற்றுக்கொடுத்தேன். விளிம்பில் சின்ன வெட்டு போட்டு, வெட்டோடு வெட்டைச் சேர்த்து, விரலாலேயே பிடித்துத் தைக்க வேண்டும். பக்கவாட்டை மூடுவதற்கு முன்பே சட்டைக் கையை வைத்துத் தைத்துவிட வேண்டும்; துணி தட்டையாகக் கிடந்தால்தான் வேலை ஓடும். தையலுக்கு உள்ளே விடுகிற ஓரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போதும். தைத்ததைப் பிரிக்கவே கூடாது. பக்கத்து வீட்டு ரூஜா மட்டும் கடைசிவரை குண்டூசியை விடவில்லை.

என் நாத்தனார் பெனா கல்யாணம் ஆகாதவள். என் கணவர் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். ஒரு வருஷம் வயிற்றுப் புண் வந்து எலும்பும் தோலுமாகப் போனாள். பிழைக்கமாட்டேன் என்று பயந்து, சவப்பெட்டியில் போட்டுக்கொள்ள உடை தைத்துத் தரச் சொன்னாள். வயதான பெண்கள் எல்லோரும் செய்வதுதான்; உங்கள் அம்மாவும் ஒன்று தைத்து வைத்திருப்பார். அன்றைய அளவுக்கே கருநீலக் கம்பளித் துணியை வெட்டினேன். முதுகில் பொத்தான் வரிசை. அதைவிட நன்றாக நான் எதையும் தைத்ததில்லை. என்னிடம் கற்ற பெண்கள் எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்று பார்க்கப்போகிற உடை.

பெனா பிழைத்துவிட்டாள். பிழைத்தவள் சாப்பிட ஆரம்பித்தாள்; அதிலும் பாலாடைக்கட்டி வைத்துச் சுடுகிற பனிட்சா என்றால் உயிர். சில வருஷம் கழித்து உடையைப் போட்டுப் பார்த்தபோது ஒரு பொத்தானும் எட்டவில்லை.

"அண்ணி, மூச்சு முட்டுது. கொஞ்சம் பிரிச்சு விடுங்களேன்."

"விடுறதுக்கு உள்ள துணி எங்கடி இருக்கு? பனிட்சா திங்கறதைக் குறை."

"செத்ததுக்கு அப்புறம் குறைச்சுக்கறேன், போதுமா? உங்களால முடியலேன்னா ரூஜாகிட்ட குடுக்கறேன். ரெண்டு பக்கமும் பட்டை வச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தையலில் ரூஜா கத்தரி வைப்பதா? உடையில் ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் திருத்த வேண்டியது உடை இல்லை. கோபத்தில் இப்படி நினைக்கவில்லை, ஐயா. நிதானமாக யோசித்துத்தான் முடிவுக்கு வந்தேன்.

திராட்சை அறுவடை சமயத்தில் பெனா படியில் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். தள்ளிவிட்டாயா என்று கேட்டீர்கள். இல்லை, அது தானாக வந்தது. அதன் பிறகு படுத்த படுக்கைதான். அவள் வாய்க்குப் போன ஒவ்வொரு கரண்டியும் என் கையால் போனது. பீன்ஸ் சூப்பில் பீன்ஸை அரித்தெடுத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் கொடுத்தேன். பிறகு அதையும் குறைத்தேன். ரூஜா பனிட்சா சுட்டுக் கொண்டுவந்தாள். டாக்டர் எதுவும் கொடுக்கக் கூடாது என்கிறார், தூங்குகிறாள் என்று சொல்லி வாசலிலேயே வாங்கிக்கொண்டேன். நான்தான் சாப்பிட்டேன். கொஞ்சம் உப்பு அதிகம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைத் தூக்கி உட்காரவைத்து உடையைப் போட்டுப் பார்ப்பேன். பனி கொட்டிய மாதங்களில் மேல் பொத்தான்கள் சேர்ந்தன. ஈஸ்டர் நோன்பின்போது இடுப்புப் பொத்தானும் சேர்ந்தது. கண்ணாடியைப் பிடித்துக் காட்டினேன்.

"நல்லா இருக்கு அண்ணி." குரலே எழும்பவில்லை. "இப்பவாவது ரொட்டி குடுப்பீங்களா?"

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கொடுத்திருக்கலாம். ஆனால் மறுபடி உடம்பு வைத்துவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்தானே. நாளைக்குத் தருகிறேன் என்றேன். ஈஸ்டருக்கு முன்பே போய்விட்டாள்.

அவளைக் குளிப்பாட்ட ரூஜா வந்தாள். பெனாவுக்குச் சொல்லியிருந்த நீலப் பட்டையையும் குண்டூசி டப்பாவையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தாள். இரண்டுக்கும் வேலை இருக்கவில்லை. உடை அப்படிப் பொருந்தியது. குளிப்பாட்டும்போதே ரூஜா அந்த விலா எலும்புகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விதா அக்கா, இதை எப்ப பெருசு பண்ணீங்க?"

"உடைய நான் தொடவே இல்ல."

உண்மையைத்தான் சொன்னேன். அவள் பட்டையைக் கீழே போட்டுவிட்டு நேராக டாக்டரிடம் போனாள். சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று அவர் எப்போதுமே சொன்னதில்லை என்பது அங்கே தெரிந்துவிட்டது.

பட்டினி போட்டுத்தான் கொன்றேன். மறைக்க ஒன்றுமில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பிரேதப் பரிசோதனையில் பொத்தானைக் கழற்றக்கூடப் பொறுமையில்லாமல், உடையை முன்பக்கம் நடுவாகக் கத்தரித்து எடுத்தார்கள் என்று சொன்னீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை மாதத்தில் நான் முதல்முறையாக அழுததை நீங்களே பார்த்தீர்கள். அது பெனாவை நினைத்து அழுதது, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.