சாரி-பூலாக் பாதையில் வராத கோமாரி

பெயர்: மம்பெத்தாலி. தந்தை பெயர்: ஒஸ்மோன். வயது: அறுபத்தொன்று (முதலில் நூற்றுப்பத்து என்று சொன்னேன், அடையாள அட்டையைப் பார்த்துத் திருத்தப்பட்டது). தொழில்: அரசு ஆட்டுக் குளியல் தொட்டியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முகவரி: நாரின் மாகாணம், சாரி-பூலாக் கிராமம், பாலத்தை ஒட்டிய முதல் வீடு. எழுதிப் பதிவு செய்தவர்: லெப்டினன்ட் ஈசென், ஊர்க் காவல் நிலையம். நாள்: மே 14, காலை பத்து மணி.

நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். ஊர்ப் பாதையை மறித்து, இல்லாத கோமாரி நோயை இருப்பதாகப் பலகை வைத்து அறிவித்தது பற்றி என்னிடம் விசாரிக்கப்பட்டது. யாருடைய மிரட்டலுமின்றி, லெப்டினன்ட் கொடுத்த ஆறிப்போன தேநீர் தவிர வேறு துன்புறுத்தல் ஏதுமின்றி, பின்வருமாறு சொல்கிறேன்.

பாலத்தைத் தாண்டி இரண்டாவது வீட்டில் என் தங்கை சூரா இருக்கிறாள். அவள் கணவர் குபாத் ரஷ்யாவில் கட்டட வேலை பார்க்கிறார். அவர்களுடைய மகள் பெர்மெத்துக்கு வயது ஒன்பது. நான் அவளுக்குத் தாய்மாமன். கடந்த பிப்ரவரி 20ஆம் தேதி பகல் மூன்று மணியளவில் பெர்மெத் ஏறிப்போன குதிரை உறைபனியில் சறுக்கி அவள் மேலேயே சாய்ந்ததில், இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. (குதிரை யாருடையது என்று கேட்கப்பட்டது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.) குதிரை என்னுடையது. அங்கவடியில் அவள் காலைத் தூக்கி வைத்துவிட்டதும் நான்தான். குதிரைக்கு ஒரு கீறலும் இல்லை. மருத்துவர்கள் கத்தரித்து எடுத்த இடது பூட்ஸ் என் வீட்டில் இருக்கிறது.

அதன்பிறகு நகர மருத்துவமனையில் இரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்து, காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் பொருத்தி, வளையத்திலிருந்து எலும்பின் ஊடாகக் கம்பிகள் செலுத்தி, ஏப்ரல் 28ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரேஷ்னெவ் காலத்து டிராக்டரில்கூட அத்தனை இரும்பு கிடையாது. (எவ்வளவு என்று கேட்கப்பட்டதற்கு: வளையம் நாலு, கம்பி எட்டு, கம்பி நுழைந்து வெளிவரும் ஓட்டை பதினாறு.) ஆறு மணிக்கொரு தடவை சின்ன ஸ்பானரால் நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும், தினமும் பதினாறு ஓட்டையையும் கொதிக்க வைத்த துணியால் துடைக்க வேண்டும், தினமும் ஊன்றுகோல் பிடித்து அந்தக் காலை ஊன்றி நிற்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். ஓர் ஓட்டையில் சீழ் வைத்து அது எலும்புக்கு இறங்கினால் காலை எடுக்க வேண்டி வரும் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் சூராவைப் பார்க்காமல் ஸ்பானரைப் பார்த்தார்.

அதன்பிறகு 29ஆம் தேதி காலை முதல் மக்கள் நலம் விசாரிக்க வரத் தொடங்கினார்கள். நம் ஊரில் அடிபட்டவர் வீட்டுக்குப் போகாதவன் மனிதனில்லை. வந்தவர்களுக்குத் தேநீர்ச் சமோவாரைக் கொதிக்க வைத்து, விரிப்பு விரித்து, போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரித்துப் போடாதவளும் மனுஷியில்லை. முதல் மூன்று நாளில் நாற்பதாயிரம் பேர் வந்தார்கள். (திருத்தம்: எழுபத்திரண்டு.) அவர்கள் கொண்டுவந்த ரொட்டியை அடுக்கியிருந்தால் நமக்கு இன்னொரு மலை கிடைத்திருக்கும். வந்தவர்கள் ஒவ்வொருவரும் பெர்மெத்தை முத்தமிட்டு, போர்வையை விலக்கி இரும்பைப் பார்த்து, உரக்க அழுதார்கள். லெப்டினன்டின் தாயார் சயரா அக்கா, "ஐயோ எங் கண்ணே, நாளைக்கு உன்னய எவன்டி கட்டிக்குவான்" என்று அழுத அழுகையில் எதிர்மலையில் பனி சரிந்தது. (பனி சரிந்த பகுதியை நீக்கும்படி லெப்டினன்ட் கேட்டுக்கொண்டார். தாயார் அழுதது இருக்கட்டும் என்றார்.)

அதன்பிறகு பெர்மெத் போர்வையை இடுப்புவரை இழுத்து, ஓரங்களை உடம்புக்கடியில் செருகிக்கொண்டு படுத்துவிட்டாள். எழுந்து நிற்கச் சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊன்றுகோல்கள் கட்டிலுக்கடியில் போயின. மே 4ஆம் தேதி அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கெண்டைக்கால் பக்கத்து ஓட்டை ஒன்று சிவந்திருந்தது. முந்தின நாள் அதைத் துடைக்கவில்லை. துடைக்க வேண்டிய நேரத்தில் மேல்பள்ளத்தாக்கிலிருந்து பதினோரு பேர் வந்திருந்தார்கள். சூரா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். செவிலியர் வந்து ஊசி போட்டார். இந்தப் பதினொன்று மிகைப்படுத்தாத எண்.

அன்று மாலை நான் சூராவிடம், "வாசல சாத்தித் தொலையேன் புள்ள" என்றேன். அவள், "எப்பிடிண்ணே சாத்துவேன்? எம் மவளுக்காக அழ வந்தவங்க மூஞ்சில கதவடிச்சிட்டு, நாளைக்கி இதே ஊர்ல நான் எப்பிடி நடப்பேன்?" என்றாள். "நீ நடக்குறது இருக்கட்டும், அவ எப்பிடி நடப்பா?" என்று கேட்டேன். பார்த்தால், கையில் கரண்டியுடன் அடுப்படியில் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். எண்ணெய்ச் சட்டியை நான் இறக்கி வைத்தேன்.

அதன்பிறகு நான் யோசித்தேன். நம் ஜனங்களை அடிபட்டவர் வீட்டு வாசலில் தடுத்து நிறுத்த எதனால் முடியும்? வெள்ளத்தால் முடியாது, பனிப்புயலால் முடியாது. செங்கிஸ்கான் வந்து மறித்தாலும் அவனுக்கு ஒரு வாய் ரொட்டி கொடுத்துவிட்டு விலகிப்போய்ப் பார்த்துவிடுவார்கள். அவர்கள் அஞ்சுவது ஒன்றுக்குத்தான்: தங்கள் ஆட்டுக்கு நோய் வருவதற்கு. எட்டு வருடத்துக்கு முன் நிஜமாகவே கோமாரி வந்தபோது வைத்த அறிவிப்புப் பலகை, வெள்ளை அங்கி, சுண்ணாம்பு மூட்டை மூன்றும் என் கொட்டகையில் இருந்தன. அரசு அவற்றைத் திருப்பிக் கேட்கவில்லை, நானும் நினைவூட்டவில்லை.

மே 5ஆம் தேதி காலை ஆறு மணிக்குப் பாலத்தருகே கட்டையைக் குறுக்கே போட்டு, மரத்தூளும் சுண்ணாம்பும் பரப்பி, "கோமாரி நோய்: உள்ளே வரத் தடை" என்ற பலகையை நட்டு, வெள்ளை அங்கி அணிந்து, சமோவாருடன் உட்கார்ந்தேன். முதலில் வந்தவர் சயரா அக்கா. இரண்டாம் முறையாக வந்தார்.

"டேய் மம்பெத், நோவு உங்க மாட்டுக்கா, உன் புத்திக்கா?"

"அக்கா, ஒரு எட்டு வெச்சுப் பாருங்க. சாயங்காலம் உங்க ஆடு அம்பதும் வாயில நொரை தள்ளும்."

"எடுத்த காலை அந்தரத்தில் அப்படியே வைத்திருந்தார்" என்று எழுதிக்கொள்ளவும். அதன்பிறகு, "அப்ப நான் யாருகிட்டடா அழுவுறது?" என்று கேட்டார். நான், "எங்கிட்ட அழுங்க, தாய்மாமன் இல்லியா, அதிகாரபூர்வமா வாங்கிக்கிறேன்" என்றேன். அவர் என் அங்கியில் முகம் வைத்து அழுதார். நானும் அழுதேன். தேநீர் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, "சும்மா எப்பிடிடா திரும்பிப் போவேன், ஒரு வேலையாச்சும் சொல்லு" என்றார். சூராவின் பசு பாலத்துக்கு இந்தப் பக்கம் என் கொட்டகையில் நின்றது. கறக்கச் சொன்னேன். அவர் தினமும் வந்து கறந்தார்.

அதன்பிறகு ஐந்து நாட்களும் இதே நடைமுறை பின்பற்றப்பட்டது. வந்தவர்கள் என்னிடம் அழுதார்கள், தேநீர் குடித்தார்கள், வேலை கேட்டார்கள். ஒருவர் விறகு பிளந்து கட்டைக்கு இந்தப் பக்கம் அடுக்கினார், ஒருவர் துணிகளை வாங்கிக்கொண்டுபோய்த் துவைத்து வந்தார், தச்சர் தோல்கூல் அடுத்து என்ன செய்ய என்று தினமும் வந்து கேட்டார். புளித்த குதிரைப்பால் குமிஸ் மட்டுமே ஓர் ஏரி அளவு சேர்ந்தது. (திருத்தம்: இரண்டு வாளி. ஒரு வாளியை நான் குடித்தேன்.) சூரா முதல் நாள் பகலில் ஒன்பது மணி நேரம் தூங்கினாள், அப்போது நட்டு திருகியது நான். நான் ஸ்பானரை நட்டில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்ததால் பெர்மெத், "மாமா, எண்ணிகிட்டே திருகு, பயம் தெரியாது" என்று சொல்லிக்கொடுத்தாள். எண்ணினேன். பதினாறு ஓட்டையும் ஐந்து நாளும் ஒன்று விடாமல் துடைக்கப்பட்டன. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. சிவப்பும் குறைந்தது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை.

இந்தப் பலகையால் கோடை மேய்ச்சலுக்குப் புறப்பட்ட மூன்று ஆட்டு மந்தைகள் பாதை கிடைக்காமல் நின்றன என்பதையும், மாவட்டத்தில் ஒரு ஞாயிறு ஆட்டுச் சந்தை நடக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த மேய்ப்பர்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஒருவர் மன்னித்தார். ஒருவர் என் தொப்பியை ஆற்றில் எறிந்துவிட்டு மன்னித்தார். மூன்றாமவர் இன்னும் யோசிக்கிறார்.

மே 10ஆம் தேதி காலை பதினொரு மணிக்குக் கால்நடை அதிகாரிகள் அறுநூறு பேர் (திருத்தம்: ஆறு பேர்) உச்சந்தலை முதல் பாதம்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, முதுகில் மருந்து தெளிப்பானுடன், லெப்டினன்டையும் அழைத்துக்கொண்டு வந்து, கட்டையைத் தூக்கிவிட்டு, நோய் கண்ட மாடு எங்கே என்று கேட்டபடி சூராவின் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தார்கள். நோயும் இல்லை, மாடும் இங்கே இல்லை என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர்களில் மூத்தவர் முகமூடிக்குள்ளிருந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். அப்போது வீட்டுக்குள்ளிருந்து, "மாமா, மாவு மூட்டைக்குள்ள பூந்துகிட்டு யாரு வந்திருக்கா? எனக்குத் தெரியலியே!" என்று பெர்மெத்தின் குரல் கேட்டது. சன்னல் வழியாகப் பார்த்தால் ஓர் ஓரம்தான் தெரியும், மீதியைச் சுவர் மறைக்கும். கட்டிலுக்கடியிலிருந்து ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. அதன்பிறகு மரம் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. பெர்மெத் ஊன்றுகோலில் வாசற்படிவரை வந்தாள். போர்வை இல்லை. இரும்பு அத்தனையும் வெயிலில் தெரிந்தது. யாரும் அழவில்லை. அவள் ஆறு பேரையும் பார்த்துச் சிரித்தாள். மூத்த அதிகாரி திட்டுவதை நிறுத்தி முகமூடியைக் கழற்றினார். கட்டிலிலிருந்து வாசற்படிக்கு அவள் எடுத்து வைத்தது நாலு அடி. (சரியான எண்ணா என்று கேட்கப்பட்டதற்கு: நாலு. நானே எண்ணினேன்.)

அதன்பிறகு நான் காவல் நிலையத்துக்கு அழைத்துவரப்பட்டு, இன்று வந்து வாக்குமூலம் கொடுக்கும்படி சொல்லி அனுப்பப்பட்டேன். பலகை, அங்கி, சுண்ணாம்பு ஆகியவற்றை ஒப்படைத்துவிட்டேன். பாதையை மறித்த கட்டையை மட்டும் ஒப்படைக்க இயலாது. அதைத் தச்சர் தோல்கூல் இழைத்து, கட்டிலிலிருந்து வாசல்வரை சுவரில், ஒன்பது வயதுப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் அறைந்துவிட்டார். பெர்மெத் தினமும் அதைப் பிடித்து நடக்கிறாள். தடயம் வேண்டுமென்றால் பகல் மூன்று மணிக்கு மேல், கை கழுவிவிட்டு, ஒருவர் மட்டும் வந்து பார்த்துக்கொள்ளலாம். அதைப் பிடுங்கினால் நான் இன்னொரு குற்றம் செய்ய நேரிடும் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துகொள்கிறேன். பாதையை மறித்ததற்கு விதிக்கும் தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன். என்னை வேறு யாரும் தூண்டவில்லை. சூராவுக்கும் இது தெரியாது. பெர்மெத்துக்கு மட்டும் முதல் நாளே தெரியும்.

மேலே எழுதியது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. திருத்தப்பட்ட எண்கள் உட்பட எல்லாம் உண்மை. படித்துக் காட்டும்போது லெப்டினன்ட் ஈசென் பேனாவை நிறுத்தி, தாமும் அன்று முற்றத்தில் நின்றதாகவும், வாசற்படியில் இறங்கியதையும் சேர்த்தால் அவள் வைத்தது ஐந்து அடி என்றும் சொன்னார். நாலாவது அடிக்குப் பிறகு என் கண்ணில் சுண்ணாம்புத் தூள் விழுந்துவிட்டதால் ஐந்தாவதை நான் பார்க்கவில்லை. லெப்டினன்டின் சொல்லை நம்பி, நாலு என்பதை அடித்து ஐந்து என்று என் கையாலேயே எழுதி, அதனருகிலும் கீழேயும் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) மம்பெத்தாலி
என் முன்னிலையில்: (ஒப்பம்) லெப்டினன்ட் ஈசென்