நாற்காலியில் கோட்டு இருக்கிறது

– மூணு மணி நேரமாச்சு. நானும் நாலு தடவை வந்துட்டேன். எங்கம்மா போனாரு உங்க சீஃப் கெமிஸ்ட்?

– இங்கதான் சார் இருந்தாரு. கோட்டு நாற்காலியில இருக்கு பாருங்க.

– கோட்டைத்தான் காலையிலேருந்து பாத்துட்டிருக்கேன். கோட்டுக்குள்ள இருக்கிற ஆளு எங்க?

– டீ கூட இன்னும் ஆறல சார்.

– ம்... சூடாத்தான் இருக்கு. சரி, வரட்டும். இங்கயே உட்கார்றேன். கிணத்துத் தண்ணி ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடாம இன்னைக்கு அவரை விடப் போறதில்ல.

– போட மாட்டேன்னு நேத்தே அவரு...

– நேத்து நேத்தோட போச்சு. ‘குடிக்கலாம்’னு ஒரு வார்த்தை. அதுக்கு இவ்வளவு பிகு.

– அதுல ஈயம் இருக்கு சார். நம்ம ஆலைக் கழிவு அந்தப் பக்கம்தான்...

– உன்னை யாரும் கேக்கல.

– ஊரே அதைத்தான் குடிக்குது சார்.

– கேக்கலன்னு சொன்னேன்ல? ...அது என்ன மேசையில, கதைப் புத்தகமா?

– சரித்திரம் சார். ஒரு புரட்சிப் போரு. ஆரம்பச் சண்டைகள் மட்டும். நீங்க அவசியம் படிக்கணும்.

– நானா? சரித்திர வாத்தியாரை நினைச்சாலே எனக்கு இன்னும் கொட்டாவி வருது.

– இதுல வராது சார். தேதியெல்லாம் கம்மி. பனியில செருப்பில்லாம நடந்தவன் வீட்டுக்கு என்ன எழுதினான்... அந்த மாதிரி.

– யாரு ஜெயிச்சா?

– ஜெயிக்கிறது பின்னாடி. இதுல பாதி நேரம் பின்வாங்கிட்டே இருக்காங்க.

– ஓடிப்போனதுக்கு ஒரு புத்தகமா?

– ஓடுறது வேற, பின்வாங்குறது வேற சார்.

– அடேங்கப்பா. ரெண்டு வருஷமா ‘சரி சார்’ தவிர உன் வாயிலேருந்து நான் எதுவும் கேட்டதில்ல.

– புத்தகம்னா பேசுவேன் சார்.

– பேசு, பேசு. அந்த மனுஷன் வர்ற வரைக்கும் பொழுது போகணுமே.

– ஒரு இடம் வரும் சார். புரட்சிப் படை கொஞ்சம் பேருதான். எதிர்ல பெரிய படை. விடிஞ்சா கதை முடிஞ்சுது. எதிரித் தளபதி, ‘காலையில பிடிச்சுக்கலாம்’னு படுத்துட்டாரு.

– கையில சிக்கினவனை விட்டுட்டுத் தூங்கினானா? மடையன்.

– மடையன் இல்ல சார். எதிர்ப்பக்கம் நெருப்பு எரிஞ்சுட்டே இருந்துச்சு. மண்வெட்டிச் சத்தமும் கேட்டுட்டே இருந்துச்சு. ஆளுங்க அங்கதான் இருக்காங்கன்னு நம்பிட்டாரு.

– இல்லையா?

– வண்டிச் சக்கரத்துல துணியைச் சுத்திக்கிட்டு மொத்தப் படையும் கிளம்பிடுச்சு. கொஞ்சம் பேரு மட்டும் நின்னு விறகு போட்டுட்டே இருந்தாங்க.

– அட... பரவாயில்லையே. அப்ப அந்தக் கொஞ்சம் பேரு மாட்டிக்கிட்டாங்களா?

– விடியறதுக்குள்ள நழுவிட்டாங்கன்னு ரெண்டே வரி சார். நான் அதைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

– உனக்கு யாரு கொடுத்தா இதை?

– சீஃப்தான். போன வாரம். ‘பாதியில நிறுத்தாதே’ன்னு சொல்லிக் கொடுத்தாரு.

– அந்த டீயை இப்படித் தள்ளு, பாப்போம்.

– இன்னொரு இடம் இருக்கு சார், அதுல ஒரு ஆத்தைக் கடந்து...

– இரு. நான் முதல் தடவை வந்தப்பவும் இந்த டீ சூடாத்தான் இருந்துச்சு.

– ஆமா சார்.

– இப்பவும் சூடா இருக்கு.

– இது நாலாவது டீ சார்.

– ...உனக்கு இந்த வேலை வேணுமா, வேணாமா?

– வேணும் சார்.

– அப்ப சொல்லு. எங்க அவரு?

– குடிநீர் வாரிய ஆபீஸ்ல. பஸ்ல மூணு மணி நேரம். இப்ப போய்ச் சேர்ந்திருப்பாரு.

– போய்? வெறும் வாயால சொன்னா எவன் நம்புவான்? சாம்பிள் வேணும்ல? ஃப்ரிட்ஜ்ல இருந்த கிணத்துத் தண்ணி பாட்டில் ஆறையும் இன்னைக்குக் காலையிலயே நான் சிங்க்ல கொட்டியாச்சு. உங்க ரெண்டு பேருக்கும் அது தெரியாது.

– தெரியும் சார்.

– என்ன தெரியும்?

– நீங்க கொட்டினது குழாய்த் தண்ணி சார். நேத்து சாயந்திரம் நான்தான் பிடிச்சு வெச்சேன்.