ஒட்டன்சத்திரத்திலிருந்து வெறுங்காலோடு

கொடைக்கானலில் டென்னிஸ் பந்து கொஞ்சம் அதிகமாகவே எழும்பும். மலைக்காற்று லேசு. இங்கே ஆடிப் பழகியவர்கள் பந்தை அடக்கி அடிக்கக் கற்றுக்கொள்வார்கள். கீழே சமவெளியில் அதே அடி எதிராளியின் காலடியில் போய் விழும். என் மகள் சத்தியபிரியா அப்படித்தான் ஜெயித்தாள். அவள் ஏன் ஆட்டத்தை விட்டாள் என்று கேட்க, டென்னிஸ் சங்கத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். டீயைக் குடியுங்கள், ஆறிவிடும்.

கிளப் மைதானத்தில் கோடு போட்டு வலை கட்டுவது என் வேலை. அவள் அம்மா போனபோது பிள்ளைக்கு நான்கு வயது. அன்றிலிருந்து அவளுக்குத் தலைசீவி விட்டதும் சோறாக்கிப் போட்டதும் நான்தான். ஒருநாள் கை நீட்டியதில்லை. நல்லையா மகளை எப்படி வளர்த்தான் என்று ஊரில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

2006 கடைசியில், பதினேழு வயதில், முதல் தொழில்முறைப் போட்டியில் இரண்டு சுற்று ஜெயித்தாள். பேப்பரில் பெயர் வந்தது. புனேயிலிருந்து ஒரு பயிற்சியாளர் கூப்பிட்டார். தங்க இடம், சாப்பாடு, பயணம் எல்லாம் அவர் பொறுப்பு.

"நீங்க கூட வர வேண்டியதில்லையாம்ப்பா. இனி நிம்மதியா இருங்க" என்றாள்.

சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்கு, நான் வர வேண்டியதில்லை என்றது மட்டும்தான் காதில் நின்றது. பெத்த மனம் பித்து என்பார்கள்.

பொங்கலுக்கு முன்னால் அவளுக்கு வலது பாதத்தில் வலி. மதுரையில் எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"எலும்புல மெல்லிசா கீறல் விட்டிருக்கு. ஆறு வாரம் காலை ஊன்றாம இருந்தா பழையபடி ஆடலாம். நடந்தா ஒடிஞ்சிரும். அப்புறம் ஆட்டத்தை மறந்துர வேண்டியதுதான்."

வெளியே வந்து, "சுளுக்குதாம்மா" என்றேன். எக்ஸ்ரேயை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன்.

தைப்பூசம் நெருங்கியது. அவள் ஜெயித்தால் ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனிக்கு வெறுங்காலோடு நடத்திக் கூட்டி வருவதாக முருகனுக்கு நேர்ந்திருக்கிறேன் என்று சொன்னேன். நேர்த்திக்கடனை வைத்துக்கொண்டு வெளியூர் போகக் கூடாது. அவளும் பச்சைத்துணி கட்டி மாலை போட்டுக்கொண்டாள்.

வெள்ளனே கிளம்பினோம். பாதி தூரத்தில் காலை இழுக்க ஆரம்பித்தாள். கூட நடந்த பாப்பம்மாள் என்கிற அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய்யா, புள்ள காலு வீங்கிக் கெடக்கு. வெரசா ஒரு வண்டியில ஏத்தி விடுய்யா. முருகன் என்ன கோவிச்சுக்கவா போறாரு?"

"எங்க நேர்த்திக்கடன் எங்களுக்குத் தெரியும் ஆத்தா. நீங்க நடங்க" என்றேன்.

பழனிக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர் இருக்கும்போது சுள்ளி ஒடிந்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது. மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "முருகா" என்றாள். மிச்சத்தையும் நடந்தே முடித்தாள். அப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்.

அதற்கப்புறம் இரண்டு ஆபரேஷன். புனேக்காரர் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டார். இந்த மூன்று வருஷமாக அவள் வீட்டில்தான் இருக்கிறாள். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள். என்னோடு இருக்கிறாள். ஆனால் மைதானத்தில் தனியாக நிற்கும்போது, பனிமூட்டத்துக்குள் யாரோ காலை இழுத்து இழுத்து வருகிற சத்தம் கேட்கிறது. திரும்பினால் ஒருவரும் இல்லை. தினமும் கேட்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் முருகனுக்கு எதுவும் நேரவே இல்லை.

அது அவளுக்குத் தெரியாது. "அன்னைக்கு வழியில மோர்ப்பந்தல்ல உக்காந்துட்டேன்ல, அதான் காலு குணமாகல. வர்ற பூசத்துக்கு மறுபடி மொதல்லேருந்து நடக்கணும்ப்பா" என்கிறாள். நேற்று பச்சைத்துணி எடுத்து வந்தேன். பிள்ளை ஆசைப்பட்டு ஒன்று கேட்கும்போது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.