குங்குமம் வைத்த இரும்புக் கை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர். ஜப்பானியர் கணக்கில் 2603, பழைய கணக்கில் 1943, அக்டோபர் மாதம்.

பெயர் இராஜம்மா. கணவர் பெயர் வேலாயுதம். வயது முப்பத்தாறு. விலாசம், ரயில்வே ஊழியர் குடியிருப்பு லயத்தின் கடைசி வீடு. தமிழில் சொன்னது தமிழிலேயே எழுதப்பட்டது.

நான் மேலே கண்ட விலாசத்தில் குடியிருக்கிறேன். என் கணவர் ரயில்வே பட்டறையில் பிட்டர். பாலன் என்ற பையன் இறந்த விஷயத்தில், நாசவேலை செய்தார் என்று விஜயதசமி அன்று காலையிலிருந்து அவரை லாக்கப்பில் வைத்திருக்கிறார்கள். அந்தக் குற்றத்துக்குப் போனவர்கள் வீடு திரும்புவதில்லை என்று எனக்குத் தெரியும். என்னை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. நானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

லயத்துக்குப் பின்னால் உள்ள பழைய செங்கல் கூடத்தில் தொண்டர் படைப் பையன்களுக்குக் குத்துச்சண்டை பழக்குகிறார்கள். அங்கே ஓர் ஆள் கனமுள்ள மணல் மூட்டையைத் தொங்கவிட, சுவரில் இரும்புக் கை ஒன்றைப் பொருத்தும்படி ஜப்பானிய அதிகாரி என் கணவருக்கு உத்தரவிட்டார். கூரை உத்திரம் கரையான் அரித்தது என்பதால்தான் சுவர். சுவரும் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய பழைய சுவர். ஆணியோ ஆப்போ அதில் நிற்காது, மறுபக்கம் வரை துளைத்து, பின்னால் இரும்புப் பட்டை கொடுத்து, நீளப் போல்ட்டு போட்டு முறுக்க வேண்டும், பளு முழுவதும் மேல் போல்ட்டு இரண்டில்தான் இழுக்கும் என்று அவர் என்னிடம் சொன்னார். பட்டறைக் கதையைச் சோற்றோடு பிசைந்து தருவது அவர் வழக்கம். நான் ஒரு நாளும் கேட்டதில்லை, ஆனாலும் காதில் விழுந்தது இன்றைக்கு உதவுகிறது.

ஆயுத பூஜை அன்று மதியத்துக்குள் கீழ்ப் போல்ட்டு இரண்டும் முறுக்கியாயிற்று. மேலே துளை மட்டும் போட்டிருந்தது. பட்டறைக்காரர்கள் அன்று சாயங்காலம் சாமான்களைப் பூஜையில் வைத்தால் மறுநாள்தான் எடுப்பார்கள், நடுவில் தொடமாட்டார்கள். ஆகையால் இரும்புக் கை ஆடாமலிருக்க மேல் துளைகளில் மர ஆப்பைத் தட்டிவிட்டு, மீதிப் போல்ட்டு இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, சுவரில் பெரிதாகச் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டுவிட்டு, நாளைக்கு வந்து முறுக்கும் வரை மூட்டையை மாட்டக் கூடாது என்று பாலனிடமும் அவன் கூட்டாளி ஜெயராஜிடமும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். வந்து ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றையும் கழுவிச் சாமி படத்தின் முன் வைத்தார். பொரிகடலைக்கு எங்கே போவது, மரவள்ளிக்கிழங்கை அவித்துத்தான் படைத்தோம்.

அதன் பிறகு பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் என்னிடம் குங்குமம் கேட்டு வந்தார். அவர் பாலனின் தாயார், விதவை, அந்தக் கூடத்தைப் பெருக்கித் துடைப்பவர். "எம் மவன் குத்தப் போற சாமான், ராஜு. சாமி பார்வை படட்டும்" என்று சொன்னார். என் சிமிழிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் கூடத்தைக் கழுவி, சுவரில் யாரோ கிறுக்கியிருந்ததையும் துடைத்து, இரும்புக் கைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, செம்பருத்தி மாலை போட்டுவிட்டுப் போகும் வழியில், இதையெல்லாம் என்னிடம் சொல்லி, எவ்வளவு அழகாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார். கிறுக்கல் என்ன கிறுக்கல் என்று நான் கேட்கவில்லை. குறி போட்ட விஷயம் எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் விடிந்ததும் பாலனும் ஜெயராஜும் மூட்டையை மாட்டினார்கள். ஜெயராஜ் பிறகு என்னிடம் சொன்னது: "குறிய காணோம்க்கா. பொட்டு வெச்சு மாலையும் போட்டிருந்திச்சு. அண்ணே முடிச்சிட்டுத்தான் போயிருக்காருன்னு நெனச்சோம்." அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முடிக்காத வேலைக்கு எங்களவர் யாரும் பொட்டு வைப்பதில்லை. பாலன் நாலு குத்து விட்டதும் இரும்புக் கை செங்கல்லோடு பெயர்ந்து அவன் தலையில் விழுந்தது. அதே நேரம் என் கணவர் பூஜையிலிருந்து சாமானை எடுத்துக்கொண்டு, கையில் ஸ்பேனரும் பையில் போல்ட்டு இரண்டுமாகக் கூடத்துக்குள் நுழைந்தார். போல்ட்டை அவரே கழற்றிவிட்டார் என்று அங்கேயே பிடித்துக்கொண்டார்கள்.

குறியை அழித்தது யார், பொட்டு வைத்தது யார் என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நேற்று சோறு கொண்டுபோனபோது நான் அவரிடம் சண்டை போட்டேன். "பெத்தவ கையால வெச்ச பொட்டு. அதப் போயி அந்தக்கா காதுல போடச் சொல்றியா? இருக்கட்டும்லா" என்றார். அவருக்குப் பெரிய மனசு. எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. எனக்கு என் புருஷன் வேண்டும். அதனால் சொல்லிவிட்டேன். சொன்னது எனக்கே நெஞ்சை அறுக்கிறது.

என் பேச்சு மட்டும் போதாது, பவுனம்மாளும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்கிறார். பவுனம்மாள் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்தவளே சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி, வேலாயுதம் தம்பி மேல் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்வதற்காக என்னோடு நடந்து வந்தார். அவரைக் கூப்பிட்டு, சுவரைத் துடைத்துப் பொட்டு வைத்தீர்களா என்று மட்டும் கேளுங்கள். ஆமாம், நான்தான் வைத்தேன் என்று ஆசையாகச் சொல்லுவார். எதற்காகக் கேட்டீர்கள் என்பதை மட்டும் அவருக்குச் சொல்ல வேண்டாம்.

இதில் கண்டதெல்லாம் நான் பார்த்ததும் என் காதால் கேட்டதும்தான். எதையும் கூட்டவில்லை, மறைக்கவில்லை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. கதவு திறந்திருந்ததால், பொட்டைப் பற்றிய இடம் வந்தபோது மெதுவாக வாசிக்கும்படி நான் கேட்டுக்கொண்டேன். அப்படியே வாசிக்கப்பட்டது.

இராஜம்மா, இடது பெருவிரல் ரேகை.