கழகத்தின் பெயரில் ஒரு பாராட்டு

லோஷினி: அண்ணே, அந்தக் கமெண்ட்ட அழிச்சிடவா?

காளிதாஸ்: அழிச்சு என்னா பண்ண? ஜொகூர் மாநிலமே அதப் படம் புடிச்சு வச்சிருச்சு. நாலாயிரம் ஷேர்.

லோஷினி: நகராண்மைக் கழகத்தோட ஃபேஸ்புக்ல, நம்ம தலைவர் டத்தோ ரிப்பன் வெட்டுற படத்துக்குக் கீழயே... கழகமே அவர நக்கல் பண்ணியிருக்கு.

காளிதாஸ்: வெளிப்படையான நிர்வாகம் லா.

லோஷினி: சிரிக்காதீங்க. பத்து மணிக்கு உள்ள வரச் சொல்லிருக்காரு. என் கான்ட்ராக்ட் தாள் அவரு மேசையிலதான் கெடக்கு, கையெழுத்துக்கு. உங்களுக்கென்ன, நிரந்தர வேல.

காளிதாஸ்: பாஸ்வர்ட் யாருகிட்டன்னு கேப்பாங்க.

லோஷினி: நம்ம ரெண்டு பேருகிட்டதான்.

காளிதாஸ்: நீ ஒரே போன்ல உன் கணக்கையும் கழகக் கணக்கையும் வச்சிருக்க. தூக்கக் கலக்கத்துல...

லோஷினி: நான் எழுதல... எழுதலன்னுதான் நினைக்கிறேன். அவரு தொறந்தது எங்க தாமான் லோங்காங், எங்க குடியிருப்பு வடிகால். அன்னைக்கு வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. கோவத்துல என்னென்னமோ தட்டுனேன்...

காளிதாஸ்: அப்ப நீதாம்மா. ஒத்துக்க. சின்னப் புள்ள, விட்டுருவாரு.

லோஷினி: நெஜமாவா?

காளிதாஸ்: அழுதுகிட்டே சொல்லு. டத்தோவுக்கு அது புடிக்கும்.

லோஷினி: அவருக்குத்தான் தமிழ் தெரியாதே... எப்படிப் புரிஞ்சிச்சு?

காளிதாஸ்: என்னையத்தான் மலாய்ல எழுதித் தரச் சொன்னாங்க. நயம் கெடாம எழுதிக் குடுத்தேன்.

லோஷினி: அலமாக்... கெட்டிருந்தா எனக்கு நல்லதா இருந்திருக்கும்.

காளிதாஸ்: மணி ஒம்பது அம்பது.

லோஷினி: இருங்க, ஒரு தடவ படிச்சுக்கிறேன். "வடிகாலைத் திறந்து வைத்த டத்தோவுக்குப் பாராட்டுகள். தண்ணீருக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை."

காளிதாஸ்: நல்ல தமிழ்.

லோஷினி: ரொம்ப நல்ல தமிழ்... அண்ணே, நான் 'பாராட்டுக்கள்'னுதானே எழுதுவேன்?

காளிதாஸ்: அவசரத்துல சரியா விழுந்திருக்கும்.

லோஷினி: நான் போடுற ஒவ்வொரு வாழ்த்துலயும் அந்த 'க்'க அடிச்சு விடுறது நீங்கதான்.

காளிதாஸ்: மெதுவாப் பேசு. கதவு தொறந்திருக்கு.

லோஷினி: உங்க போன்லயும் ரெண்டு கணக்கு இருக்கா?

காளிதாஸ்: மணி ஒம்பது அம்பத்தஞ்சு. கெளம்பு.

லோஷினி: அண்ணே... நான் உள்ள போய் என்னா சொல்லட்டும்?

காளிதாஸ்: நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா... என் கணக்குக்கு மாத்த மறந்து எழுதிட்டேன்... காலையிலயே டத்தோகிட்ட உன் பேர எழுதிக் குடுத்தாச்சு. எனக்கு ஓய்வுக்கு இன்னும் எட்டே மாசம்.